வைஃபை கார்டுக்கும் ஒரு காலத்துல லைசன்ஸ் வேணும்

எங்க வீடு மேலகரத்துல, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல. சீசன் ஆரம்பிச்சா ரெண்டு விஷயம் உறுதி. சொந்தக்காரங்க குளிக்க வந்து இறங்குவாங்க. மாடி ரவுட்டர்ல இருந்து கீழ் ரூம்ல இருக்கிற என் டெஸ்க்டாப்புக்கு இழுத்து வச்சிருக்கிற கேபிளை அதுல யாராவது ஒருத்தர் தடுக்குவாங்க. 2024 சீசன்ல அது பெரியப்பா. "ஏலே, முதல்ல இந்த வயரைக் கழட்டுலே"ன்னு ஒரே சத்தம்.

தென்காசி பஜார்ல ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, டெஸ்க்டாப்புக்கு வைஃபை போடணும்." "குச்சி மாதிரி யுஎஸ்பியில சொருகுறது போதுமா தம்பி, இல்ல உள்ளே மாட்டுற கார்டா?" உள்ளே மாட்டுறதையே வாங்கினேன்.

மாட்டுறது பெரிய வித்தை இல்லை. பிளக்கைப் பிடுங்கிட்டு பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தணும், உள்ளே மிச்சம் இருக்கிற கரண்ட் வடிஞ்சிரும். பக்கவாட்டுத் தகரத்தைக் கழட்டி, கேஸோட இரும்பை ஒரு முறை தொட்டுக்கணும், நம்ம உடம்புல இருக்கிற ஸ்டாடிக் போகிறதுக்கு. மதர்போர்டுல இருக்கிறதுலயே சின்ன ஸ்லாட்டுக்கு நேரா, பின்பக்கத்துல ஒரு தகட்டை எடுத்துட்டு, கார்டை நெட்டுக்குத்தா அழுத்தினா உட்கார்ந்திரும். ஒரு ஸ்க்ரூ, ரெண்டு ஆன்டெனா. அப்புறம்தான் வேடிக்கை. கார்டு வேலை செய்ய டிரைவர் வேணும், டிரைவர் டவுன்லோட் பண்ண இன்டர்நெட் வேணும். போனை யுஎஸ்பியில மாட்டி அந்த நெட்டை வச்சுத்தான் ஒப்பேத்தினேன்.

நான் இன்னைக்குச் சொல்ல வந்தது அந்த ஸ்க்ரூவைப் பத்தி. அதுக்கு ஸ்க்ரூடிரைவர் தேடி தாத்தாவோட ட்ரங்குப் பெட்டியைத் திறந்தப்போ, அடியில பாஸ்புக் மாதிரி ஒரு சின்னப் புத்தகம் கிடந்துச்சு. ரேடியோ லைசன்ஸ். நம்ம வயசுக்காரங்களுக்கு இது கதை மாதிரி இருக்கும். 1980கள் வரைக்கும் இந்தியாவுல வீட்டுல ஒரு ரேடியோ இருந்தா, வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல பணம் கட்டி அந்தப் புத்தகத்தைப் புதுப்பிக்கணும். தாத்தா சாயங்காலம் இலங்கை வானொலியில பாட்டுக் கேட்கிறதுக்குக்கூட டெல்லி சர்க்காரோட அனுமதி வேணும்!

இது எங்கிருந்து வந்துச்சுன்னு தேடினா, 1885-ஆம் வருஷத்து இந்தியத் தந்திச் சட்டத்துக்குப் போகணும். தந்தி அமைக்கிறது, நடத்துறது எல்லாம் அரசோட தனி உரிமைன்னு வெள்ளைக்காரன் எழுதி வச்சான். அப்புறம் ரேடியோ வந்துச்சு. லைசன்ஸ் இல்லாம ரேடியோவை 'இயக்கினார்'னு ஒருத்தர் மேல வழக்குப் போட்டா, அதை எப்படி நிரூபிக்கிறது? அதிகாரி கதவைத் தட்டும்போது பெட்டி ஆஃப்ல இருந்தா? அதனால 1933-ல இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம்னு இன்னொண்ணு கொண்டு வந்தாங்க. அதுல கில்லாடித்தனமான ஒரு வேலை செஞ்சாங்க. இயக்க வேண்டாம், லைசன்ஸ் இல்லாம கம்பியில்லாக் கருவியை வச்சிருந்தாலே குற்றம்.

இப்போ என் மேஜைக்கு வாங்க. வைஃபை கார்டு என்ன? ரேடியோ அலையை அனுப்பும், வாங்கும். தாத்தாவோட ரேடியோ கேட்க மட்டும்தான் செஞ்சுது, இது பேசவும் செய்யும். சட்டத்தோட கண்ணுல இதுவும் கம்பியில்லாக் கருவிதான். இந்த லைசன்ஸ் இல்லாம நான் எப்படி அதை மாட்டினேன்?

பதிலோட ஒரு பாதி அமெரிக்காவுல இருக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை மைக்ரோவேவ் அடுப்பு மாதிரி கருவிகளுக்குன்னு விட்டு வச்சிருந்தாங்க. செய்தி அனுப்ப நினைக்கிறவங்களுக்கு அது இரைச்சல் மிகுந்த குப்பைமேடு. 1985-ல அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், சக்தியைக் குறைச்சு, சிக்னலைப் பரப்பி அனுப்புறதா இருந்தா இந்த மாதிரி மூணு பட்டையில யார் வேணும்னாலும் லைசன்ஸ் இல்லாம பேசிக்கலாம்னு அறிவிச்சுது. கடைகளுக்கு கல்லாப்பெட்டி மெஷின் செய்ற என்.சி.ஆர். கம்பெனி இதைப் பிடிச்சுக்கிட்டது. கடையில அலமாரியை இடம் மாத்தும்போதெல்லாம் கல்லாப்பெட்டிக்குப் புதுசா வயர் இழுக்கிறது அவங்களுக்குத் தலைவலி. பெரியப்பாவோட அதே புகார்தான்! அவங்க நெதர்லாந்து இன்ஜினியர்கள் செஞ்ச வேவ்லேன், 1990 வாக்குல கடைக்கு வந்தது லேப்டாப்புக்காக இல்லை. டெஸ்க்டாப்புக்குள்ள சொருகுற நீளமான கார்டாத்தான் வந்துச்சு. விலை ஆயிரம் டாலருக்கு மேல. அதே குழுவைச் சேர்ந்த விக் ஹேய்ஸ் தலைமையில 1997-ல 802.11 தரம் உருவாச்சு. வைஃபைங்கிற பேரு 1999-ல.

மத்த பாதி இங்கே. உலகம் வைஃபை பேச ஆரம்பிச்சப்புறமும் நம்ம ஊர்ல 1933-ஆம் வருஷத்துச் சட்டம் உயிரோடதான் இருந்துச்சு. கட்டடத்துக்குள்ள உபயோகிக்க மட்டும் முதல்ல கொஞ்சம் தளர்த்தினாங்க. 2005 ஜனவரியிலதான் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு முழுசா லைசன்ஸ் விலக்கு வந்துச்சு. 1 வாட்டுக்கு மேல சக்தி கூடாது, யாருக்கும் தனி உரிமை கிடையாது, பக்கத்து வீட்டு சிக்னல் இடைஞ்சல் பண்ணா புகார் பண்ண முடியாது. கேட்க கறாரா இருக்கு. ஆனா எனக்கு இது நம்ம நாட்டோட பெரிய சுதந்திரங்கள்ல ஒண்ணாத் தோணுது, பள்ளிக்கூடத்துல யாரும் சொல்லித் தராத ஒண்ணு.

அந்தச் சுதந்திரத்தை வச்சு என்ன செய்யலாம்னு காட்டினது, இதே மேற்குத் தொடர்ச்சி மலையோட அடிவாரத்துல நமக்கு வடக்கே இருக்கிற தேனி. அங்கே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கு. சுத்தியிருக்கிற சின்ன ஊர்கள்ல கண் பரிசோதனை மையம் திறந்தாங்க, ஆனா ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு டாக்டரை அனுப்ப முடியாது. டாக்டர் தேனியில இருந்தே வீடியோவுல நோயாளியோட பேசணும். 2000களின் நடுவுல அந்த ஊர்களுக்கு அதுக்கேத்த இன்டர்நெட் எங்கே இருந்துச்சு? கலிஃபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல எரிக் ப்ரூவரோட குழு, கடையில கிடைக்கிற சாதாரண வைஃபை கார்டுகளைச் சின்ன லினக்ஸ் பெட்டிகள்ல மாட்டி, உயரத்துல திசை ஆன்டெனா வச்சு, ஊரையும் மருத்துவமனையையும் இணைச்சாங்க.

ஆனா வைஃபை ஒரு வீட்டுக்குள்ள பேசிக்கப் பிறந்தது. ஒரு துண்டுத் தகவல் அனுப்பினதும் 'வந்து சேர்ந்துச்சு'ன்னு பதில் வரணும், அதுக்கு மைக்ரோ செகண்ட் கணக்குலதான் காத்திருக்கும். ஒளி ஒரு கிலோமீட்டர் போக 3.3 மைக்ரோ செகண்ட். 15 கிலோமீட்டருக்குப் போய்த் திரும்ப 100. அதுக்குள்ள கார்டு பொறுமை இழந்து, சேர்ந்துட்ட தகவலையே மறுபடி அனுப்பும். லைன் முழுக்க இதே சத்தம்தான் இருக்கும். குழு கார்டை மாத்தலை, அதை ஓட்டுற மென்பொருளை மாத்தினாங்க. நீ பேசும்போது நான் கேட்கிறேன், நான் பேசும்போது நீ கேளுன்னு முறை வச்சு, பதிலை மொத்தமா ஒரே தடவையில சொல்ல வச்சாங்க. 2007-ல ஆய்வுக் கட்டுரை வந்துச்சு. உண்மையில அவங்களை ரொம்பப் பாடுபடுத்தினது தூரம் இல்லை, கரண்ட். ஏறி இறங்குற வோல்டேஜ்ல பெட்டிகள் போயிரும். நம்ம ஊர்ல ஸ்டெபிலைசர் இல்லாம ஃபிரிட்ஜ் வாங்காதவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிராமத்துல கண் மங்கின ஒரு பாட்டி, பஸ் ஏறாம, ஒரு நாள் கூலியை விடாம டாக்டரோட பேசினாங்க. அந்த அலைக்கு யாரும் ஏலத்துல பணம் கட்டலை. இதை நினைச்சாத்தான் எனக்கு அந்த லைசன்ஸ் புத்தகம் உறுத்துது.

என் கதைக்கு வர்றேன். கார்டு மாட்டி முடிச்சும் சிக்னல் ஒரு கோடுதான். யோசிச்சுப் பார்த்தா, ஆன்டெனா ரெண்டும் இரும்புக் கேஸுக்குப் பின்னாடி, சுவரைப் பார்த்து ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. கூட வந்த வயர் வச்ச ஸ்டாண்டுல மாட்டி மேஜை மேல வச்சேன், சரியாப் போச்சு. ஆமா, வயரை ஒழிக்க வாங்கின கார்டுக்கே ஒரு வயர். பெரியப்பா பார்த்துச் சிரிச்சார்.

பெட்டியில '6இ'ன்னு போட்டிருந்துச்சு. அதாவது 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலயும் ஓடுமாம். அமெரிக்கா அதை 2020-லயே லைசன்ஸ் இல்லாமத் திறந்து விட்டுச்சு. இங்கே மொபைல் கம்பெனிகள் அந்தப் பட்டையைத் தங்களுக்குக் கேட்டுக்கிட்டிருந்தாங்க, நான் கார்டு வாங்கினப்போ நம்ம நாட்டுல அது திறக்கலை. 2023-ல வந்த தொலைத்தொடர்புச் சட்டம் 1885, 1933 ரெண்டுக்கும் பதிலா நிறைவேறினது. 2025 மே மாசம், 6 கிகாஹெர்ட்ஸோட கீழ்ப்பகுதிக்கு விலக்கு தர்ற வரைவு விதிகளை அரசு வெளியிட்டுச்சு.

கார்டோட அட்டைப்பெட்டியை நான் தூக்கிப் போடலை. தாத்தாவோட ட்ரங்குப் பெட்டியில, அந்த லைசன்ஸ் புத்தகத்துக்கு மேல கிடக்கு.