கிரீஸ் போய் ரப்பர் வந்த கதை

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்க லோவர் ஆர்ம்களில் மொத்தம் எட்டு ரப்பர் புஷ்கள். கையில் எடுத்தால் ஒன்றும் பெரிதில்லை, கட்டைவிரல் தடிமன் இருக்கும். ஆனால் அவை நைந்துவிட்டால் 1,800 சிசி இஞ்சினாலும் புது டயராலும் பிரயோசனம் கிடையாது. பிரேக்கை மிதித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும். வளைவில் ஸ்டீரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. மலேசியாவின் ஈப்போவில் என் பட்டறைக்கு இந்தக் காரைக் கொண்டு வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "பழையபடி ரப்பரே போடலாமா அண்ணே, இல்லை பாலியூரித்தேனுக்கு மாறிடலாமா?" புதியது நல்லது, பழையது மட்டம் என்ற நினைப்பில்தான் கேட்கிறார்கள். புஷ்ஷின் வரலாறு அப்படி நேர்கோட்டில் போனதில்லை.

1920-களில் கார் வைத்திருந்தவருக்குக் கிரீஸ் கன்னோடுதான் குடித்தனம். ஸ்பிரிங் கண், ஷேக்கிள், கிங் பின் என்று அசைகிற இடமெல்லாம் இரும்புப் பின், அதைச் சுற்றி வெண்கல புஷ். இரண்டும் உரசும். மண்ணும் தண்ணீரும் உள்ளே போனால் தேயும். சில நூறு மைலுக்கு ஒருமுறை காருக்கு அடியில் படுத்து ஒவ்வொரு இடமாகக் கிரீஸ் அடிக்க வேண்டும். வசதி படைத்தவர்களின் காரில் பெடலை மிதித்தால் குழாய் வழியாக எல்லா மூட்டுக்கும் எண்ணெய் போகும். ரோல்ஸ்ராய்ஸ் பேன்டம் 2-இல் அந்த ஏற்பாடு இருந்தது. நாம் இன்றைக்கும் பயன்படுத்துகிற, உள்ளே குண்டு வைத்த கிரீஸ் நிப்பிளுக்கு ஆஸ்திரியாவில் பிறந்த ஆஸ்கர் ஜெர்க் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1929-இல்.

ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்சில் சைலன்ட்பிளாக் வந்தது. இரண்டு இரும்புக் குழல்கள், ஒன்றுக்குள் ஒன்று. நடுவில் இறுக்கி அடைத்த ரப்பர். உள் குழல் சேஸியோடு பிடித்திருக்கும், வெளிக் குழல் ஆர்மோடு பிடித்திருக்கும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது எதுவும் எதன் மேலும் வழுக்காது, ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பும், அவ்வளவுதான். உரசல் இல்லை, ஆகவே கிரீஸும் இல்லை. ரோட்டின் அதிர்வையும் அந்த ரப்பரே ஓரளவு விழுங்கிவிடும். 1931-இல் பிளைமவுத் இஞ்சினை ரப்பர் மவுண்டில் உட்கார வைத்தது. மறு வருடமே சித்ரோயன் அதைப் பின்பற்றியது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜான் புல் ரப்பர் கம்பெனியின் குடும்பத்தைச் சேர்ந்த மெட்டலாஸ்டிக், ரப்பரை இரும்போடு பிரிக்க முடியாதபடி ஒட்டித் தருவதையே தொழிலாக்கிக்கொண்டது. இதற்கு அந்தக் காலத்து வித்தை பித்தளைப் பூச்சு. ரப்பரை வேகவைக்கச் சேர்க்கிற கந்தகம், பித்தளையில் இருக்கிற செம்பைப் பிடித்துக்கொள்ளும்.

அந்த ரப்பர் எங்கிருந்து போனது என்று எங்கள் ஊரில் யாரும் புத்தகம் பார்க்க வேண்டியதில்லை. 1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும், அடுத்த வருடம் சிங்கப்பூருக்கும் வந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தில் தாவரவியலாளர் ரிட்லி வகுத்தார். 1920-களில் உலக ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து போனது. வெள்ளைக்காரத் தோட்டங்களில் அதை வெட்டியவர்களில் பெரும்பாலோர் கங்காணி கூட்டிவந்த தமிழர்கள்.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு நிரைக்குப் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும். உளி ஆழமாகப் பட்டால் மரம் காயப்படும், கிராணி திட்டுவார். மேலாகப் பட்டால் பால் வராது, சம்பளம் குறையும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் அரிசி மணி அளவுதான் இடம். மங்குக் கோப்பையில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி ஸ்டோருக்குச் சுமந்தால், அங்கே ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் அழுத்தி, புகையில் காயப்போட்டுச் சீட்டாக்குவார்கள். பினாங்கிலும் போர்ட் கிள்ளானிலும் கப்பலேறியது அந்தச் சீட்டுதான். அது போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று காரின் புஷ் என்பதை அம்மா கடைசிவரை ஒரு வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டார்.

எம்ஜிபி 1962-இல் ஆபிங்டன் ஆலையிலிருந்து வெளிவந்தது. முன்பக்க சஸ்பென்ஷனின் வேர் இன்னும் பழையது. அலெக் இசிகோனிஸும் ஜாக் டேனியல்ஸும் போருக்கு முன் கவ்லியில் வரைந்து, 1947-இல் எம்ஜி ஒய் மாடலில் ஏறிய அமைப்பு அது. (அதே இசிகோனிஸ் 1959-இல் மினி செய்தபோது, அலெக்ஸ் மோல்டனின் யோசனையில் ஸ்பிரிங்கையே ரப்பராக்கிவிட்டார்.) எம்ஜிபியில் கிங் பின்னுக்கு இன்னும் கிரீஸ் நிப்பிள் உண்டு, லோவர் ஆர்மின் உள் முனையில் ரப்பர். ஒரே காரில் இரண்டு காலங்கள். ஆனால் அந்த ரப்பர் எதோடும் ஒட்டாத வெறும் துண்டு. ஆர்மின் கண்ணுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று அழுத்திவிட்டிருப்பார்கள். நாளாக ஆக அது பின்மேல் வழுக்கத் தொடங்கும். கழற்றிப் பார்த்தால் நடுவில் கண்ணாடிபோல மெலிந்து, ஓரம் காளான்போல வெளியே பிதுங்கியிருக்கும். இஞ்சின் எண்ணெய் சொட்டியிருந்தால் ஊதி, பிசுபிசுவென்று விரலில் வரும்.

1973-இல் இதே உடம்பில் ரோவரின் 3.5 லிட்டர் வி8 இஞ்சினை வைத்து எம்ஜிபி ஜிடி வி8 வந்தது. 1976-க்குள் 2,591 கார்தான் செய்தார்கள். அதற்கு வேறு புஷ் கொடுத்தார்கள்: ஒரு கண்ணுக்கு ஒரே துண்டு, உள்ளே இரும்புக் குழல். உலகம் முழுக்க எம்ஜிபிக்காரர்கள் சாதாரணக் காரிலும் அதையே மாட்டிக்கொள்கிறார்கள். அது கம்பெனியே செய்த மாற்றம்தானே.

பாலியூரித்தேன் வேறு வம்சம். 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பாயரின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. எண்ணெய் பட்டாலும் ஊதாது, ரேஸ் காரை அம்புபோல நேராக வைத்திருக்கும். ஆனால் காரில் மாட்டுகிற பாலி புஷ் உள்குழலோடு ஒட்டியிருப்பதில்லை, குழல் அதற்குள் வழுக்கித்தான் திரும்ப வேண்டும். அதனால் மாட்டும்போது கிரீஸ் தடவ வேண்டும். அது வற்றினால் கீச்சுக் கீச்சென்று கத்தும். சில கம்பெனிகள் கிரீஸ் நிப்பிளோடே விற்கின்றன. பொருள் புதியது, வேலை செய்கிற விதம் வெண்கல புஷ் காலத்தது.

ரப்பருக்கே திரும்புவோம். தோட்டத்து ரப்பர்மீது வசூலான தீர்வையில் நடந்த இங்கிலாந்து ஆய்வுக்கூடத்தில் ரிவ்லின், தாமஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1953-இல் ரப்பர் எப்படிக் கிழிகிறது என்பதைக் கணக்காக எழுதினார்கள். பட்டறையில் அந்தக் கணக்கு ஒரே விதியாக வந்து நிற்கும்: ஒட்டிய புஷ்ஷை மாட்டும்போது கடைசி நட்டை ஜாக்கில் வைத்து முறுக்கக்கூடாது. காரைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை இரண்டு முறை அமுக்கிவிட்டு, சொந்த எடையில் நிற்கும்போது முறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் முறுக்கினால் கார் சும்மா நிற்கும்போதே ரப்பர் திருகிக்கொண்டு இருக்கும், சீக்கிரம் கிழியும். நல்ல புஷ் கெட்டுப்போய்த் திரும்பி வந்தால் நான் முதலில் விசாரிப்பது இதைத்தான்.

ரேஸுக்குப் போகிறவருக்குப் பாலி போடுகிறேன். அவர் எப்படியும் மாதா மாதம் காரைக் கழற்றுவார். கேமரன் மலைக்குக் குடும்பத்தோடு போய்வருகிறவருக்கு வி8 ரப்பர்தான். அது தேய்வது குறையல்ல. மற்ற பாகங்கள் தேயாமல் இருக்க அதுதான் தேய வேண்டும்.