‘ரன்’ என்னும் வினை: எஸ்பெராண்டோவும் கோலார் தங்கவயலும்

கோலார் தங்கவயலின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு ‘ரன்’ என்னும் ஒரு வினை பல இடங்களில் கைகொடுக்கிறது. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கங்களை ‘ரன்’ செய்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரத்தால் எந்திரங்கள் ‘ரன்’ ஆயின. மாரிகுப்பத்திற்கு ரயிலும் ‘ரன்’ ஆயிற்று. இவ்வாக்கியங்களை எஸ்பெராண்டோவில் பெயர்த்துப் பார்ப்பது வரலாற்று மாணவர்க்குப் பயன்தரும் பயிற்சி.

1887-இல் சாமன்ஹாஃப் வெளியிட்ட இம்மொழியின் அடிப்படை நூலான ‘ஃபுண்டமென்டோ’ 1905-இல் வந்தது. அதன் சொற்பட்டியல் ஒவ்வொரு வேருக்கும் பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன், போலிஷ் ஆகிய ஐந்து மொழிகளில் பொருள் தருகிறது. ‘கூரி’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ரன்’ என்றிருப்பினும், ஐந்து மொழிகளும் ஒத்துச் சந்திக்கும் பொருள் காலால் ஓடுவதே. ஆகவே ரயிலுக்கு ‘வெதூரி’ (பயணித்தல்), எந்திரத்திற்கு ‘ஃபுங்க்ட்ஸியி’ (இயங்குதல்), நீருக்கு ‘ஃப்ளூயி’ (பாய்தல்) எனத் தனித்தனி வினைகள் வேண்டும். தமிழில் ரயிலும் எந்திரமும் ஆறும் ஓடும். இவ்வகையில் தமிழ் ஆங்கிலத்திற்கே நெருக்கமானது.

நிறுவனம் சுரங்கத்தை ‘ரன்’ செய்தது என்னும்போதுதான் சிக்கல் எழுகிறது. எஸ்பெராண்டோவில் ‘திரெக்தி’ என்றால் நிர்வகித்தல். ‘ஃபுங்க்ட்ஸியி’யோடு ‘இக்’ என்னும் பிறவினை ஒட்டுச் சேர்ந்தால் இயங்கச் செய்தல். தமிழிலும் ‘நடத்து’ வேறு, ‘இயக்கு’ வேறு. ‘நட – நடத்து’, ‘இயங்கு – இயக்கு’ என்னும் இணைகள் இவ்வொட்டின் பணியையே செய்கின்றன.

இவ்வேறுபாடு வெறும் இலக்கண நுட்பம் அன்று. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போதும் சுரங்கங்களை நடத்தியது நிறுவனமே, இயக்குவோர்தாம் இல்லை. கோரமண்டல், சாம்பியன் ரீஃப் போன்ற குடியிருப்புகளில் வாழ்ந்து, 3 கிலோமீட்டருக்கும் கீழான ஆழம்வரை இறங்கியவர்களுள் பெரும்பான்மையோர் தமிழ்பேசும் ஒடுக்கப்பட்ட சாதியினர். ‘ரன்’ என்னும் ஒற்றை வினையில் நிறுவனமே எழுவாயாக நிற்க, இவர்களது உழைப்பு வாக்கியத்திலிருந்தே மறைந்துவிடுகிறது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவற்றின் வரலாற்றைத் தமிழாக்கும் ஆய்வாளர்கள், ‘ரன்’ வருமிடத்திலெல்லாம் ‘நடத்தியது’ என்று எழுதிச் செல்லுமுன், இயக்கியவர் யார் என்று ஒருமுறை வினவ வேண்டுகிறேன். உங்கள் ஆய்வுத்துறையில் இவ்வாறு செய்வோரை மறைக்கும் வினைகள் இருப்பின் பின்னூட்டத்தில் பகிருங்கள்.