கடலூர்க் கரையில் வானத்தை அளந்தவர்கள்

தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலில் சேரும் இடத்தருகே செயின்ட் டேவிட் கோட்டையின் சிதிலங்கள் கிடக்கின்றன. 1690-இல் இந்தக் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை தங்கள் எல்லை என்று ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனியார் பேசி முடித்தார்கள். குண்டு விழுந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் நிலைத்தது. ஒரு நூற்றாண்டு கடந்தபின், அதே கும்பெனிக்காக நிலம் அளந்த பிரிட்டிஷ் அரசப் படையதிகாரி ஒருவர் இதே மண்ணுக்கு வேறொரு அளவுகோலோடு வந்தார். அவர் நம்பி வந்தது விண்மீன்களை.

வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு போட்டார். 100 அடி எஃகுச் சங்கிலியை நீட்டி நீட்டி அளக்கப் பல வாரம் பிடித்தது. அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கரையோரம் இறங்கியவர், கடலூரை ஒட்டிய திருவந்திபுரத்தில் நின்றார். உச்சிவானைக் கடக்கும் விண்மீன்களை இரவுகள்தோறும் கருவியில் பிடித்து, அந்த இடத்தின் அட்சரேகை 11 பாகை 44 கலை 52 விகலை என்று கண்டார். சென்னைக்கும் வடக்கே இன்னோர் இடத்தில் இதே வேலை நடந்தது. தரையில் அளந்த தூரத்தையும் வானத்தில் அளந்த கோணத்தையும் சேர்த்துப் பார்த்ததில், இந்தக் கரையில் ஒரு பாகை ஏறக்குறைய 110 கிலோமீட்டர் என்று தெரிந்தது. பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையானது என்ற கேள்விக்கு ஐரோப்பா விடை தேடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த விடைக்கான எண்களில் ஒன்று தேவநாதசுவாமி கோயில் இருக்கும் ஊரிலிருந்து போயிருக்கிறது. உள்ளூரிலேயே இது அதிகம் பேசப்படாதது வருத்தத்துக்குரியது.

லாம்டனின் உதவியாளர்களில் ஒருவர் ஜான் வாரன். பின்னர் சென்னை வானாய்வகத்தைச் சில ஆண்டுகள் நடத்தினார். கடைசியில் பாண்டிச்சேரியில் குடியேறினார். தென்னாட்டார் காலத்தைக் கணிக்கும் முறைகளை அவர் ‘கால சங்கலிதம்’ என்ற பெரிய நூலாக 1825-இல் வெளியிட்டார். அதற்காக அவர் தேடிப்போனவர்களில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர் இருந்தார். ஆங்கில எழுத்துக்கூட்டலில் அவர் பெயர் சிதைந்துவிட்டது. சாமிநாதன் என்ற முற்பகுதியை மட்டும் ஊகிக்கலாம். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லியே 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஏடு புரட்டவில்லை, எழுதுகோல் தொடவில்லை. தொடக்கம் 4 நிமிடம், நடு 23 நிமிடம், முடிவு 52 நிமிடம் பிசகின. அவருக்குக் கோட்பாடு எதுவும் தெரியாது, நினைவாற்றல் மட்டும் அபாரம் என்று வாரன் எழுதினார். பாதிதான் நியாயம்: பல நூறு ஆண்டுக் கணக்கைப் பிசகாமல் தலைக்குள் சுமப்பதும் ஓர் அறிவுதான்.

பாண்டிச்சேரியில் அதற்கு முன்பே இன்னொருவர் இந்தக் கணக்கு முறையைப் பார்த்து வியந்திருந்தார். சூரியனை வெள்ளி கடப்பதைக் காண வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி, 1761-இல் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்ததால் கப்பலிலேயே சிக்கிக்கொண்டார். எட்டு ஆண்டு காத்திருந்து 1769 ஜூனில் மறுபடி முயன்றபோது மேகம் மறைத்தது. அந்த ஏமாற்றக் கதையைத்தான் உலகம் சொல்கிறது. அவர் தமிழரின் கிரகணக் கணக்கைக் கற்றுச் சோதித்தது அதனினும் பெரிய செய்தி. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மாயருடையது 68 விநாடி கூடியது. 1825-இன் பிசகையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே கிரகணத்தைக் கொண்டு ஒரு முறையை எடைபோடக் கூடாது என்பது விளங்கும்.

மனப்பாட வாக்கியங்களால் கணிக்கும் இந்த வாக்கிய முறையின் அச்சாணி 248 நாள். நிலவு பூமிக்கு மிக அருகே வந்து திரும்பவும் அதே நெருக்கத்தை ஒன்பது முறை அடைய ஆகும் காலம் அது. 1952-இல் வானியல் வரலாற்றாளர் ஆட்டோ நியூகபாவர் வாரனின் பதிவை ஆராய்ந்து, இதே எண் பாபிலோனிய வானியலிலும் இருப்பதைக் காட்டினார். அது எந்த வழியாக, யார் கையால் தமிழ்க் கரைக்கு வந்தது என்பது இன்றும் முடிவாகாத கேள்வி. பாண்டிச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே அரிக்கமேட்டில் ரோமானிய ஜாடித் துண்டுகள் கிடைத்ததால் கடல்வழியை நினைக்கத் தோன்றும். ஆனால் ஜாடிகளோடு கணக்கும் வந்தது என்பதற்குச் சான்று இல்லை.

சென்னை வானாய்வகத்தில் பணியாற்றி, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கத்தைக் கண்ணால் பார்க்கும் வானத்தோடு ஒத்துத் திருத்த வேண்டும் என்று வாதாடினார். அந்த வழக்கு இன்னும் ஓயவில்லை. வானத்தோடு ஒத்துத் திருத்திய திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-இல் சனிப்பெயர்ச்சி. திருநள்ளாறு கோயிலோ பழைய வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றி, அந்த ஆண்டு பெயர்ச்சி இல்லை, 2026-இல்தான் என்று அறிவித்தது.