கோல்ட்வாசர், யூஜின்

யூஜின் கோல்ட்வாசர் (1922–2010), என்புமச்சையில் செங்குழிய உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்னும் ஓமோனைத் தூய நிலையில் பிரித்தெடுத்த அமெரிக்க உயிர் இரசாயனவியலாளர். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் லியோன் ஜேக்கப்சனின் தூண்டுதலால் 1955இல் இவ்வாய்வைத் தொடங்கினார். எலிகளின் உறுப்புகளை ஒவ்வொன்றாக அகற்றிச் சோதித்த அவர்களது குழு, இவ்வோமோன் சிறுநீரகத்தில் உருவாவதை 1957இல் அறிவித்தது.

சுத்திகரிப்போ இருபதாண்டுகள் நீண்டது. குருதிச்சோகை ஏற்படுத்தப்பட்ட செம்மறியாடுகளின் குருதியிலிருந்து கிடைத்த அளவு மிகச் சொற்பம். யப்பானின் குமமோட்டோவைச் சேர்ந்த தகாஜி மியாக்கே, கடும் குருதிச்சோகை நோயாளரின் 2,550 லீற்றர் சிறுநீரைச் செறிவாக்கிச் சிக்காகோவுக்குக் கொண்டுசென்றார். அதிலிருந்து ஏறத்தாழ 8 மில்லிகிராம் தூய ஓமோனே கிடைத்தது. முடிவுகள் 1977இல் வெளியாயின. உயிர் இரசாயன வரலாற்றில் பொறுமைக்கு இதனினும் சிறந்த சான்று அரிது. ஆம்ஜென் நிறுவனத்தில் ஃபூ-குவென் லின் 1983இல் மரபணுவைப் பிரித்தெடுக்க இத்தூய மாதிரியே வழிசெய்தது. அம்மரபணுவைக் கொண்டு தயாரிக்கப்பட்ட எரித்ரோபொயட்டின் மருந்து 1989இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிக்காகோ பல்கலைக்கழகமோ தூய ஓமோனுக்குக் காப்புரிமை பெறவில்லை.

சிறுநீரகம் பழுதடையும்போது இவ்வோமோன் குறைந்து குருதிச்சோகை தோன்றுகிறது. ஆகவே, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் மாத்தளை மாவட்டத்து வில்கமுவ போன்ற விவசாயப் பகுதிகளுக்கும் இவ்வாய்வு நெருங்கிய தொடர்புடையது. ஊசிவழி செலுத்தப்படும் எரித்ரோபொயட்டின், முற்றிய நிலை நோயாளருக்கு அடிக்கடி குருதி ஏற்றும் தேவையைக் குறைக்கிறது.