ஸ்லேவ் இலக்கம் 1

மருதனார்மடச் சந்தியில இருந்து கொஞ்சம் உள்ளுக்குப் போனால் அரைக்கிற மில் ஒன்று இருக்கு. எங்கட நண்பன் ஒருவனின் மாமா நடத்துகிறார். மிளகாய் மோட்டாருக்கும் மா மோட்டாருக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ட்ரைவ் பூட்டி, இரண்டையும் ஒரே சோடிக் கம்பியில் இணைத்து ஒரு திரையில் பார்க்க வேணும் என்பது அவருடைய ஆசை. கலைப்பீடக்காரரான நாங்கள் விடுப்புப் பார்க்கத்தான் போனோம்.

பூட்டி முடிந்தும் திரையில் ஒன்றும் வரேல்லை. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால் திரை 19200 வேகத்தில் கேட்கிறது, ட்ரைவ் இரண்டும் 9600 இல் காத்திருக்கின்றன. அதைச் சரிப்படுத்தினால் அடுத்த குழப்பம்: இரண்டுக்கும் முகவரி 1. ஒரு பேரைக் கூப்பிட இரண்டு பேர் ஒரேயடியாய்ப் பதில் சொன்னால் என்ன விளங்கும்? ஒன்றுக்கு 2 என்று கொடுத்து, ஓஃப் பண்ணி ஓன் பண்ணினதும் இரண்டு வேகமும் திரையில் வந்தன.

எங்களை மறித்தது, கையேட்டில் அந்த முகவரிக்கு இருந்த பெயர். ‘ஸ்லேவ்.’ அடிமை.

இந்த மொட்பஸ் முறையை 1979 இல் அமெரிக்காவின் மொடிகன் நிறுவனம் வெளியிட்டது. கம்பியில் எசமான் ஒருவர்தான். அவர் கேட்டால் மட்டும் அடிமை வாய் திறக்கலாம். 0 என்று கூப்பிட்டால் எல்லாரும் கேட்க வேணும், ஒருவரும் பதில் சொல்லக்கூடாது. ஆனால் உவமை மொடிகனுடையதல்ல. 1904 இலேயே கேப் டவுன் வானாய்வகத்தில் டேவிட் கில் ஒரு மணிக்கூட்டை விளக்கும்போது, இன்னொன்றுக்குக் கட்டுப்பட்டு ஓடுவதை ‘அடிமை’ என்றார். அங்கே அடிமைமுறையைச் சட்டம் ஒழித்ததோ 1834 இல்.

எங்கட கதையும் திறமில்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமையில் அடிமைகளைப் பற்றியே ஒரு பகுதி உண்டு. இலங்கையில் 1844 இல் சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது. ஆனால் 1968 இலும் மாவிட்டபுரம் கோயில் வாசலில், உள்ளே விடச்சொல்லிச் சனம் போராட வேண்டியிருந்தது. மில்லில் இருந்து சைக்கிளில் போகிற தூரம். அந்த 1968 இல்தான் டிக் மோர்லி குழு மொடிகனின் முதல் கட்டுப்பாட்டுக் கருவிக்கு வரைபடம் போட்டது. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆண்டு மட்டும் ஒன்று.

2020 இல் மொட்பஸ் அமைப்பு அந்தச் சொற்களைக் கைவிட்டு ‘கிளையண்ட்’, ‘சேர்வர்’ என்று மாற்றியது. அதைச் சொன்னபோது மாமா கேட்டார், “பேரை மாத்தினா மா கெதியா அரைபடுமோ?” படாது. ஆனால் திரையில் வருகிற பெயரை நாங்களே எழுதலாம் என்று நண்பன் கண்டுபிடித்தான். இப்ப அதில் ‘ஸ்லேவ் 1’, ‘ஸ்லேவ் 2’ இல்லை. ‘மிளகாய்’, ‘மா’ என்று இருக்கு.