தோலுக்குள் போன புங்க எண்ணெய்

புங்கமரம்னா நமக்கு நிழலும் தழையுரமும்தான். ஆனா அந்தக் காலத்துல புங்க எண்ணெய் தோல் பதனிடவும் போச்சு.

ஆவாரம்பட்டைத் தண்ணியில ஊறி, கடுக்காயில முக்கி எடுத்த தோல், காய்ஞ்சா விறைச்சுக்கும். வளைஞ்சு கொடுக்கணும்னா எண்ணெய் தடவணும். அப்படிப் பக்குவமான தோல்தான் சென்னையிலிருந்து 'ஈஸ்ட் இந்தியா தோல்'னு சீமைக்குக் கப்பலேறுச்சு.

1970களில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. குரோம் முறை பெருகுச்சு, எண்ணெயும் மாறுச்சு. பெட்ரோலிய எண்ணெய், குளோரின் ஏத்துன பாரஃபின் எல்லாம் உள்ளே வந்துச்சு.

வித்தியாசம் இதுதான்: புங்க எண்ணெய் மண்ணுல விழுந்தா நுண்ணுயிர் தின்னு தீர்த்துடும். குளோரின் பாரஃபினை அதால லேசுல உடைக்க முடியாது. சேத்துல தங்கி, மீன் கொழுப்புல ஏறும்.

பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்தது முக்கியமா உப்பும் குரோமும்தான். கெடுத்தவங்களே செலவை ஏத்துக்கணும்னு 1996ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எண்ணெய் விஷயம் வேற. 2017ல்தான் குறுஞ்சங்கிலி குளோரின் பாரஃபினை ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்த்தாங்க. அப்பவும் தோல் தொழிலுக்குத் தற்காலிக விலக்கு கொடுத்தாங்க.

மாற்று ஒண்ணும் புதுசு இல்ல. ஆமணக்கெண்ணெயைக் கந்தக அமிலத்தால பக்குவம் பண்ணி, தண்ணியில கலக்குற மாதிரி ஆக்குறது 19ஆம் நூற்றாண்டு வித்தை. வித்து நம்ம வேலியில காய்க்குது. வாங்குறவங்கதான் வேணும்.