தவிடு மாட்டுக்கு, வெள்ளைச் சோறு நமக்கு

உரல்ல குத்தின காலத்துல உமி மட்டும்தான் முழுசாப் போகும். தவிடு பாதி அரிசியிலேயே ஒட்டியிருக்கும். நார்ச்சத்து இருக்கறதே அந்தத் தவிட்டுலதான். மில்லு வந்துச்சு, அரிசி வெளுத்துச்சு, தவிடு மாட்டுக்குப் போச்சு.

1934-ல காந்தி அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஆரம்பிச்சார். அதை நடத்தினவர் தஞ்சாவூர்ல பிறந்த ஜே.சி. குமரப்பா. கைக்குத்தல் அரிசியே சாப்பிடுங்கன்னு அப்பவே ஊரெல்லாம் சொன்னாங்க. கேட்டவங்க கொஞ்சம் பேர்தான்.

நார்ச்சத்துன்னு உலகம் பெரிசாப் பேசினது 1970-கள்ல. உகாண்டாவுல வேலை பார்த்த டெனிஸ் பர்கிட்ங்கிற டாக்டர், அந்தக் கிராமத்து ஜனங்களுக்குக் குடல் நோய் அபூர்வமா இருக்கறதைக் கவனிச்சு, காரணம் அவங்க சாப்பாட்டுல உள்ள நார்தான்னு சொன்னார்.

இன்னைக்கும் வெள்ளையா இருந்தாத்தான் அரிசி விலை போகுது. அந்த வெள்ளையைக் கேக்கறது நீங்கதான். மாத்திக் கேளுங்க, நாங்க தவிட்டோடயே தர்றோம்.